இருக்கை நீங்கலாக

அக்கா ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் எஞ்சினைத் திறக்கச் சொல்ல மாட்டாள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு உள்ளே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் சீட்டை அழுத்துவாள். காலமெல்லாம் கார் சீட்டுக்கு உறை தைத்தவளுக்கு வண்டி என்பது அடிப்படையில் ஒரு சீட். அதை நகர்த்திக்கொண்டு போவதற்காகத்தான் கீழே சக்கரமெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். அவளுக்கு மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் முன்பாதி கடை. இரண்டு தையல் மெஷின், நீளமான ஒரு மேஜை, மூலையில் சுருட்டி நிறுத்திய தோல்கள், எங்கே காலை வைத்தாலும் ஸ்பாஞ்சுத் துண்டு. பசை வாடை அடுப்படி வரைக்கும் போகும். அந்த வீட்டுச் சோற்றில்கூடப் பசை மணக்கிறது என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கூப்பிட்டால் மறுக்காமல் போய்ச் சாப்பிடுகிறவர்களும் அவர்களேதான்.

தோல் வெட்டுவது அவள் புருஷன். அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்தவன் விவரமான ஆளாக இருக்க வேண்டும். தோலை வெட்டுகிற மாதிரியே பேச்சையும் வெட்டுவார், வேண்டியதற்கு மேல் ஒரு நூல் வராது. மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி. நாற்பதைத் தாண்டிய பிறகும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மாடி அறையில் இருக்கிறான். டிரைவர்.

இந்த மூன்று பேர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கத்திரி தம்பியோடு நேராகப் பேச மாட்டார், தம்பியும் அவரோடு பேச மாட்டான். எல்லாம் அக்கா வழியாகத்தான். இளவயதில் தம்பியைக் கடையில் வேலைக்கு வைத்தார்கள். ஒரு முழுத் தோலை எடுத்து, வலப்பக்கத்துக்கு ஒன்றும் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வெட்டச் சொன்னால், இரண்டையும் இடப்பக்கத்துக்கே வெட்டி வைத்தான். கத்திரி ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்று மூவரும் இன்றுவரை வெளியே விட்டதில்லை. தம்பி அன்றைக்கே கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனான். அதிலிருந்து, உப்பு கத்திரியின் கைக்கு எட்டாமல் தம்பியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், "உன் தம்பியை உப்பைத் தள்ளச் சொல்லு" என்பார். தம்பியும் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்து, "டேய், உப்பு" என்று அக்கா சொன்ன பிறகுதான் தள்ளுவான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வராது, பழகிவிட்டது.

தம்பி ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி தன் கார்களையெல்லாம் விற்றுவிட்டு மூடிக்கொண்டது. வேறு எங்கும் சரியாக அமையவில்லை. கடைக்குள் வந்து, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய உறைகளில் நூல் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் சும்மா இருக்கிறான் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் அவனை அரித்தது. துறைமுகத்தில் மூட்டை ஏற்ற ஆள் எடுக்கிறார்கள், போய்விடலாம் என்றிருக்கிறேன் என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னான். அக்கா அன்று சாயங்காலம் வரை மெஷினை நிறுத்தவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வேலை ஓடும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து அவனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரவேண்டும், சொந்த வண்டி கொண்டுவர வேண்டும். உயரமான, பெரிய, சொகுசு வண்டியாக இருக்க வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை, ஆனால் வண்டி செய்த கம்பெனியின் வாரன்டி உயிரோடு இருக்க வேண்டும். விருந்தாளியோடு நடுரோட்டில் நின்றால் ஓட்டலுக்குத்தான் அவமானம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியின் கடிதத்தைக் கொடுத்தால் இடம் அவனுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

"வாங்கிடலாம்" என்றாள் அக்கா, தக்காளி வாங்குகிற மாதிரி. கடையைப் பெரிதாக்கச் சேர்த்தது கையில் இருந்தது. கத்திரி சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார்.

பழைய வண்டி விற்கிற தரகருக்குச் சிரிப்பு என்று பட்டப்பெயர். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் சிரிப்பார். வெயில் கொளுத்துகிற அந்த முற்றத்தில், வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே, ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. உங்களுக்குன்னே ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

"எங்களுக்குன்னு எடுத்து வச்சதை இப்ப வெளிய போற அந்த மஞ்சச் சட்டைக்காரருக்கு ஏன் காட்டினீங்க?"

"அவருக்குக் காட்டினேன், உங்களுக்கு வச்சிருக்கேன். ரெண்டும் வேற வேறக்கா!" சிரித்தார்.

ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உயரம். ஏறுவதற்குப் பக்கத்தில் படி இருந்தது.

"வெள்ளை ஒரு டாக்டரம்மா வச்சிருந்தது. வாரத்துக்கு ஒருதரம் எடுப்பாங்க. ஏழு வருஷத்துல முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். தொட்டா அழுக்காயிடும்னு நானே தொடறதில்ல."

"வாரன்டி?"

"அது முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்குக்கா வாரன்டி? வேணும்னா வெளிய ஒரு கம்பெனிக்காரன் இருக்கான், அவன்கிட்ட தனியா எழுதி வாங்கித் தர்றேன்."

"அவன் என்னென்ன தருவான்?"

"எஞ்சின், கியர். அப்புறம்..." சிரித்தார். "எஞ்சின், கியர்."

"கறுப்பு?"

"அது ஓடின வண்டி, மறைக்க மாட்டேன். நாலு வருஷம் ஆகல, தொண்ணூறாயிரம் ஓடிடுச்சு. ஆனா கம்பெனி வாரன்டியே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, இல்லன்னா ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். ரெண்டுல எது முந்துதோ அதோட சரி."

அக்கா வெள்ளையில் ஏறி அழுத்திப் பார்த்தாள். சீட் விறைப்பாக நின்றது, அதிகம் ஆள் உட்காராத சீட். "மீட்டர் நெசம்தான்" என்று இறங்கினாள். கறுப்பில் ஏறினாள். டிரைவர் சீட்டின் ஓரம் வெடித்திருந்தது, உட்கார்ந்தால் ஒரு பக்கம் அமுங்கியது. "இதுவும் நெசம்தான்."

"நான் என்னிக்குக்கா பொய் சொன்னேன்?" என்றார் சிரிப்பு. அந்த ஒரு தடவை சிரிக்கவில்லை.

தம்பி இரண்டையும் ஓட்டிப் பார்த்தான். கத்திரி வெயிலில் நின்றுகொண்டே இரண்டின் சீட்டையும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தோல் துண்டுகளைத் தள்ளிவிட்டால் அதுதான் சாப்பாட்டு மேஜை.

"வெள்ளை" என்றார் கத்திரி.

"ஏன்னு சொல்லுங்க."

"உன் தம்பியைக் கேளு, தொண்ணூறாயிரம் ஓடின எஞ்சின் ரோட்டுல படுத்தா யாரு தூக்கறதுன்னு."

"டேய், படுத்தா யாரு தூக்கறது?"

"கம்பெனிக்காரன் வந்து தூக்குவான்னு மாமாகிட்ட சொல்லுக்கா. அதுக்குப் பேருதான் வாரன்டி."

"வெள்ளை படுக்கவே படுக்காதுன்னு சொல்லு."

"ஏழு வருஷமா அது படுத்துத்தானே மாமா..." நேராகப் பேசிவிட்ட தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, ஏழு வருஷமா அது படுத்துத்தானே கிடந்திருக்குன்னு சொல்லு. நின்ன வண்டியில ரப்பரெல்லாம் காஞ்சிருக்கும். நான் தினமும் ஓட்ட ஆரம்பிச்சதும் ஒண்ணொண்ணா வெடிச்சுடும். இதுல பெரிய வண்டி வேற. சாதாரண வண்டியில ஒரு சாமான் போச்சுன்னா கையைக் கடிக்கும், இதுல ஆளையே கடிச்சுடும்."

"ஓட்டல்காரங்க கம்பெனி வாரன்டின்னுதானே கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"அந்த வெளிக் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்தா ஒத்துக்குவாங்களான்னு கேக்கச் சொல்லு" என்றார் கத்திரி. அவருக்கு வெள்ளையை விட மனமில்லை. அந்த விறைப்பான சீட் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"கேட்டேன். யோசிக்கணும்னாங்க" என்றான் தம்பி, ரொட்டியைப் பார்த்து.

"யோசிக்கணும்னா வேணாம்னு அர்த்தம்" என்றாள் அக்கா. "சரி, மாசம் எவ்வளவு ஓட்டுவே?"

"ரெண்டாயிரத்தைந்நூறு ஓடும்."

அக்கா தோலில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேஜையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை போட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, இங்க பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு அறுபதாயிரம். இருக்கற தொண்ணூறோட சேர்த்தா ஒன்றரை லட்சம். வருஷமும் கிலோமீட்டரும் ஒண்ணா முடியுது. துளி மிச்சமில்ல!"

துளி மிச்சமில்லாமல் வெட்டுவது கத்திரியின் ஆயுள் கனவு. அவர் சுண்ணாம்புக் கணக்கைக் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வெள்ளையைப் பற்றிப் பேசவும் இல்லை.

மறுநாள் அக்கா கம்பெனிக்குப் போன் போட்டு, வாடகைக்கு ஓட்டினாலும் வாரன்டி செல்லுமா என்று கேட்டாள். கூடுதலாகக் கட்டினால் செல்லும், பேர் மாற்றும்போது வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். அன்று மத்தியானமே கறுப்பு வண்டி தெருவுக்குள் வந்தது. முனையில் திரும்ப முடியாமல் திணறும் என்று எதிர்பார்த்துப் பாதித் தெரு வெளியே வந்து நின்றது. தம்பி ஒரே வளைப்பில் திருப்பிக் கடை வாசலில் நிறுத்தினான். அவன் இறங்கியபோது, இத்தனை நாள் தொங்கிக் கிடந்த தோள் இரண்டும் பழைய இடத்துக்கு வந்திருந்தன.

அதற்கடுத்த நாள் கத்திரி டிரைவர் சீட்டின் வெடிப்பை விரலால் தடவினார். "ச்" என்றார். உள்ளே போனார். மூலையில் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றிருந்த ஒரு தோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல காப்பிப்பொடி நிறம். எத்தனையோ பேர் கேட்டும் இதுவரை கத்தரிக்கோல் வைக்க அவருக்கு மனம் வராத தோல்.

"இதையா?" என்றாள் அக்கா.

"வீட்டு வண்டி" என்றார்.

அக்கா தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள். சரி, வாங்கியது சரி, அவன் ஓட்டட்டும் என்று அவர் வாயால் ஒருநாளும் சொல்லப்போவதில்லை. இது அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

வழக்கமாக அவர்கள் சீட்டுக்கு மேலேயே உறையை இழுத்து மாட்டிவிடுவார்கள். வீட்டு வண்டிக்கு அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. கத்திரி போல்ட்டைக் கழற்றி முன்சீட் இரண்டையும் வெளியே எடுத்தார். பழைய தோலை உரித்து, அதையே அளவாக வைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டு வெட்டினார். அக்கா தைத்தாள். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு காற்றுப்பையை மடித்து வைத்திருப்பார்கள். மோதினால் வெடித்து வெளியே வந்து ஆளைக் காப்பாற்ற வேண்டியது. அந்த ஓரத்துக்கு மட்டும் இழுத்தால் அறுந்துவிடுகிற மெல்லிய நூல் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், போட்டார்கள். அந்தப் பைக்குப் போகிற மஞ்சள் ஒயரைக் கழற்றினால், திரும்ப மாட்டுகிறவரை வண்டியை உயிர்ப்பிக்கக் கூடாது, உயிர்ப்பித்தால் பை பழுதென்று வண்டி பதிந்து வைத்துக்கொள்ளும் என்றும் கத்திரிக்குத் தெரியும்.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. கத்திரி உள்ளே மேஜையில் தோலை இழுத்துப் பிடித்திருந்தார், கையை எடுக்க முடியாது. தம்பி வாசலில்தான் நின்றிருந்தான்.

"உன் தம்பியைக் கண்ணாடியை ஏத்தச் சொல்லு!" என்று கத்தினார்.

"டேய், கண்ணாடியை ஏத்து!" என்றாள் அக்கா, மெஷினிலிருந்து எழுந்திருக்காமல்.

"முதல்ல சீட்டை உள்ள வச்சு மஞ்ச ஒயரை மாட்டச் சொல்லு!"

இதுவும் அக்காவின் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஊசிக்கடியில் தையல் திரும்புகிற இடம், நிறுத்தினால் கோணிவிடும். இதோ சொல்கிறேன் என்று நினைத்தாள். அவள் அந்தத் திருப்பத்தை முடிப்பதற்குள் தம்பி மழையில் ஓடிப்போய், வண்டியை உயிர்ப்பித்துக் கண்ணாடிப் பொத்தானை அழுத்திவிட்டான். கண்ணாடி ஏறியது. முன்பலகையில் காற்றுப்பைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு குட்டி மனிதன்.

சீட்டை மாட்டினார்கள், ஒயரை மாட்டினார்கள், பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டார்கள். குட்டி மனிதன் பந்தை விடவில்லை.

"ஒயரை மாட்டாம பொத்தானை ஏன் அழுத்தினான்னு உன் தம்பியைக் கேளு."

"ஒயரைக் கழட்டினதை ஏன் சொல்லலன்னு மாமாவைக் கேளுக்கா."

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நிமிராமல் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியின் சர்வீஸ் கூடத்துக்குப் போனார்கள். கடிதம் அங்கேதான் வாங்க வேண்டும், அன்றைக்கே ஓட்டலில் கொடுக்க வேண்டும். வேறு நாள் இல்லை. கூடம் முழுக்கக் கண்ணாடி, தரையில் முகம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பு வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். நல்ல பெண், முகத்திலேயே வருத்தம் தெரிந்தது.

"எஞ்சின், கியரெல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா முன்சீட்டை வெளியில கழட்டி வேலை பார்த்திருக்காங்க. ஏர்பேக் லைட் எரியுது. இது பாதுகாப்பு விஷயம். இதுக்கு வாரன்டியை மொத்தமாவே ரத்து பண்ண இடமிருக்கு."

தம்பி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெண் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வாங்கினப்பவே இப்படி இருந்திருந்தா வேற மாதிரி. வித்தவர் மேல போயிடும், உங்க வாரன்டிக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமான்னு சொல்லுக்கா" என்றான் தம்பி உதடு அசையாமல்.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். திறந்திருந்த கதவுக்குள்ளே அந்தக் காப்பிப்பொடி நிறச் சீட் தெரிந்தது. எத்தனையோ வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் செய்ததிலேயே நல்ல வேலை அது. ஒரு "ஆமா" போதும், தம்பிக்கு வேலை கிடைத்துவிடும். ஒளிக்காமல் எல்லாம் சொல்லி விற்ற தரகர் சிரிப்புதான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

"இல்லம்மா" என்றாள். "வாங்கினப்ப நல்லா இருந்துச்சு. அதைத் தைச்சது நான். வேற யாரோ தைச்சதுன்னு அந்தச் சீட்டைப் பார்த்துக்கிட்டு என்னால சொல்ல முடியாது."

"பொத்தானை அழுத்தினது நான்தாங்க" என்று தம்பி எழுந்துவிட்டான். "அவங்க மேல தப்பு இல்ல."

"ஒயரைக் கழட்டினது நான்" என்றார் கத்திரி. எல்லாரும் திரும்பினார்கள். அவர் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "மழை வந்துச்சு. கண்ணாடியை ஏத்தச் சொன்னேன், ஏத்தினாரு. சொன்னதைச் செஞ்ச ஆளு மேல என்ன தப்பு? நான் சரியாச் சொல்லல."

"அவரு சொன்னாரு, நான்தான் பாதியை முழுங்கிட்டேன்" என்றாள் அக்கா.

பெண் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பை அடுத்தவர் மேல் தள்ளிவிடுகிறவர்களையே பார்த்துப் பழகியவளுக்கு, அதைப் பங்கு போட்டுப் பிடுங்கிக்கொள்கிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருங்க, மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று போனாள்.

கூடத்து மூலையில் டீ மெஷின் இருந்தது. அக்கா ஒன்று குடித்தாள். பிறகு இன்னொன்று. பயம் வந்தால் அவளுக்குப் பசிக்கும், கிண்ணத்தில் வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியைத் தீர்த்தாள். தம்பி கண்ணாடியோடு ஒட்டி நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று போய்விட்டால் நாளை துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவான் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் உண்மையைச் சொன்னாள்.

மேனேஜர் தானே வந்தார், பெரிய மனிதர், நடையில் அவசரமில்லை. சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். ஓரத்தில் மெல்லிய நூல் போட்டிருப்பதையும் பார்த்தேன் என்றார்.

"நீங்க மறைச்சிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். ஏர்பேக்கை நாங்க சோதிச்சுட்டோம், வேலை செய்யுது. ஒயரும் லைட்டும் சரிபண்ற செலவு உங்களோடது. எஞ்சின், கியர், ஏசி, மத்தது எல்லாத்துக்கும் வாரன்டி அப்படியே இருக்கும். முன்னிருக்கை நீங்கலாகன்னு கடிதத்துல எழுதுவோம்."

அக்கா அங்கிருந்தே ஓட்டலுக்குப் போன் போட்டாள். போனில் பேசுவதென்றால் அவளுக்கு எதிராளி பக்கத்து ஊரில் நிற்பதாக நினைப்பு, கூடமே கேட்டது. அந்தப் பக்கம் விவரம் கேட்டுக்கொண்டார்கள். கம்பெனி சோதித்துவிட்டதென்றால் சரி, நீங்கலாக விட்டதற்கு யாராவது எழுத்தில் பொறுப்பு ஏற்றால் போதும், இன்றைக்கே கொண்டுவாருங்கள் என்றார்கள்.

"யாராவது என்ன யாராவது, நாங்க இருக்கோம்" என்று போனை வைத்தாள். பெண்ணிடம் திரும்பினாள். "அந்தக் கடிதத்துக்குக் கீழயே எழுதிக் கொடும்மா. சீட்டுக்கு எங்க கடை பொறுப்பு."

பெண் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். "எத்தனை வருஷத்துக்குன்னு போடட்டும்?"

"ரெண்டு வருஷம்..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"இவர் ஓட்டற வரைக்கும்" என்றார் கத்திரி.

"அப்படிப் போட முடியாது சார். வருஷம் சொல்லணும், இல்ல கிலோமீட்டர் சொல்லணும்."

கத்திரி தாடையைச் சொறிந்தார். அக்கா பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு அவளைத் தாண்டித் திரும்பினார்.

"மச்சான், நீ எத்தனை வருஷம் ஓட்டுவே?"

தம்பி பழக்கத்தில் திரும்பினான். அவர் என்ன கேட்டார் என்று அவள் சொல்லட்டும் என்பது போல அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னை ஏண்டா பார்க்கறே?" என்றாள். "உன்னைத்தான் கேக்கறாரு."